வைஃபை இருக்கிறது, இணையம் இல்லை: எதில் முதலில் கை வைப்பது?

கைபேசியின் மேல் ஓரத்தில் வைஃபை குறி முழுதாகத் தெரிகிறது. ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. குறியின் ஓரத்தில் ஓர் ஆச்சரியக்குறி, அல்லது 'இணைய வசதி இல்லை' என்று ஒரு வரி. பிள்ளைக்கு இணைய வகுப்பு, அலுவலகக் கூட்டம், மின்கட்டணம் கட்டக் கடைசி நாள் என ஏதோ ஒன்று காத்திருக்கும் வேளையில்தான் இது கண்ணில் படும். உடனே வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். ரூட்டர் பெட்டியை அணைத்துப் போடச் சொல்வார் ஒருவர். ஊக்கை எடுத்து ரீசெட் துளையில் குத்தச் சொல்வார் இன்னொருவர். டி.என்.எஸ்.ஸை மாற்றிப் பார், கேபிள்காரரைக் கூப்பிடு, இந்த ரூட்டர் தேறாது புதிது வாங்கு, அதுவரை கைபேசி ஹாட்ஸ்பாட்டில் ஓட்டு என்று பட்டியல் நீளும்.

இந்த யோசனைகளில் எதுவும் அபத்தமானதல்ல. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பழுதைத் தீர்க்கும். ஆனால் ஒன்றுக்கு உரியதை இன்னொன்றில் செய்தால் அரைநாள் வீணாகும். ஒரு வழி மட்டும் இருக்கிற பழுதை இரட்டிப்பாக்கிவிடும். இவற்றை எடைபோட நான் இரண்டு கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். பழுது எங்கே என்பதற்கு இந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் அளவு தடயம் கையில் இருக்கிறதா? செய்து பார்த்துப் பயனில்லை என்றால் பழைய நிலைக்கே திரும்ப முடியுமா? இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

குறி எதைச் சொல்கிறது

வைஃபை குறி கைபேசிக்கும் ரூட்டருக்கும் இடையிலான இணைப்பைப் பற்றி மட்டுமே பேசுகிறது. மாடித் தொட்டியிலிருந்து குழாய் வரை பைப் சரியாக இருக்கிறது என்பதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. தொட்டிக்கு நகராட்சித் தண்ணீர் ஏறுகிறதா என்பது வேறு விஷயம். எனவே குறி முழுதாக இருப்பதைப் பார்த்து, வைஃபை நன்றாக இருக்கிறது, இந்தக் கைபேசியில்தான் கோளாறு என்று முடிவுக்கு வரக்கூடாது. அப்படியும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

'இணைய வசதி இல்லை' என்ற வரியைக் கைபேசி எப்படி எழுதுகிறது? வைஃபையில் சேர்ந்தவுடன் ஆண்ட்ராய்டு கைபேசி கூகுளின் ஒரு முகவரிக்குச் சின்னக் கோரிக்கை ஒன்றை அனுப்பும். 204 என்ற எண்ணோடு வெறும் பதில் வந்தால் இணையம் இருக்கிறது என்று கொள்ளும். விண்டோஸ் மைக்ரோசாஃப்டின் முகவரியிலிருந்தும், ஐபோன் ஆப்பிளின் முகவரியிலிருந்தும் இதேபோல் ஒரு சிறு பதிலை எதிர்பார்க்கும். அந்தப் பதில் வராததற்கு வழியில் எந்தக் கண்ணி அறுந்திருந்தாலும் போதும். ஆகவே அந்த வரி பழுது இருப்பதைச் சொல்லுமே தவிர, பழுது இருக்கும் இடத்தைச் சொல்லாது.

இடத்தைச் சொல்பவை பெட்டியின் விளக்குகள். தமிழ்நாட்டு நகரங்களில் வீட்டு இணையம் இன்று பெரும்பாலும் ஃபைபர் வழியாகவே வருகிறது. ஒல்லியான கேபிள் ஒன்று கம்பத்திலிருந்து இறங்கிப் பெட்டியின் பின்புறம் பச்சை நிற முனையோடு செருகப்பட்டிருக்கும். பெட்டியின் முகப்பில் எல்.ஓ.எஸ். (LOS), பி.ஓ.என். (PON) என்று இரண்டு விளக்குகளைத் தேடுங்கள். எல்.ஓ.எஸ். சிவப்பில் மினுக்கினால், கண்ணாடி இழை வழியாக ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். பி.ஓ.என். பச்சையாக நிலைத்து நின்றால், பெட்டி சேவை நிறுவனத்தின் கருவியோடு கைகுலுக்கிவிட்டது. அது மினுக்கிக்கொண்டே இருந்தால் முயன்றுகொண்டிருக்கிறது, இன்னும் முடியவில்லை. பல பெட்டிகளில் இன்டர்நெட் என்று தனி விளக்கு ஒன்றும் உண்டு. பி.ஓ.என். பச்சையாக இருந்தும் அது எரியாமலோ சிவப்பாகவோ இருந்தால், கம்பி சரி, உள்நுழைவுதான் சிக்கல்.

இந்த மூன்று விளக்குகளைப் பார்க்க அரை நிமிடம் ஆகும். யாராவது இணையம் வரவில்லை என்று என்னிடம் சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி சிவப்பு எரிகிறதா என்பதுதான். அடுத்த கேள்வி, எல்லாக் கருவிகளிலும் இப்படியா, ஒன்றில் மட்டுமா. இந்த இரண்டு பதில்களும் கிடைத்துவிட்டால் மேலே சொன்ன யோசனைகளில் பாதி தானாக விலகிவிடும்.

அணைத்துப் போடுவதா, ரீசெட் செய்வதா

இந்த இரண்டையும் ஒன்றென்றே பலர் நினைக்கிறார்கள். வீட்டு இணையத்தில் நடக்கும் வீண் துன்பத்தில் பெரும்பங்கு இந்தக் குழப்பத்திலிருந்து வருகிறது என்பது என் கருத்து. அதனால் இதைச் சற்று விரித்தே சொல்கிறேன்.

அணைத்துப் போடுவது பெட்டியின் தற்காலிக நினைவை மட்டுமே அழிக்கும். ரூட்டர் ஒரு சின்னக் கணினி. வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியின் ஒவ்வொரு இணைப்பையும் ஓர் அட்டவணையில் குறித்து வைத்துக்கொண்டே இருக்கும். அந்த அட்டவணை நிரம்பிப் போவது, உள்ளே ஓடும் நிரல் ஏதேனும் உறைந்து நிற்பது, நிறுவனத்திடமிருந்து பெற்ற முகவரி காலாவதியாவது எல்லாம் நடக்கக்கூடியவை. அணைத்துப் போட்டால் இவை எல்லாம் துடைக்கப்பட்டுப் பெட்டி மறுபடி முதலிலிருந்து உள்நுழையும். உங்கள் அமைப்புகள் எதுவும் தொலையாது. ஆகவே திரும்ப முடியுமா என்ற கேள்விக்கு இது முழு மதிப்பெண் வாங்குகிறது.

அதைச் சரியாகச் செய்ய வேண்டும். சுவிட்சை அணைத்த மறுநொடியே போடுவதில் பயன் குறைவு. குறைந்தது அரை நிமிடமாவது மின்சாரம் இல்லாமல் விடுங்கள். போட்ட பிறகு விளக்குகள் அடங்க மூன்று நான்கு நிமிடங்கள் பொறுத்திருங்கள். இங்கே பெரும்பாலோர் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. நம் ஊர் இணைப்புகள் பலவும் பி.பி.பி.ஓ.இ. என்ற முறையில், ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்நுழைகின்றன. மின்சாரம் திடீரென்று போய்ப் பெட்டி அணையும்போது அது விடைபெற்றுக்கொண்டு போவதில்லை. நிறுவனத்தின் கணினி உங்கள் பழைய இணைப்பு இன்னும் உயிரோடு இருப்பதாகவே எண்ணி, அதே பெயரில் வரும் இரண்டாவது உள்நுழைவை மறுக்கக்கூடும். மின்வெட்டுக்குப் பின் வைஃபை வந்து இணையம் மட்டும் வராமல் இருக்கும் நேரங்களில் இதுவும் ஒரு காரணம். அப்போது பெட்டியைப் பத்து நிமிடம் அணைத்தே வைத்திருந்து போட்டால் சட்டென்று வேலை செய்யும். அவசர அவசரமாக ஐந்து முறை அணைத்துப் போடுவது எதற்கும் உதவாது.

அணைத்துப் போடுவது வீண் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய நேரம் ஒன்று இருக்கிறது: எல்.ஓ.எஸ். சிவப்பில் மினுக்கும்போது. தெருவில் அறுந்த இழையை வீட்டுச் சுவிட்ச் ஒட்டவைக்காது. ஒரு முறை அணைத்துப் போட்டும் சிவப்பு மாறவில்லை என்றால் அடுத்த வேலை தொலைபேசிதான்.

இனி ரீசெட். பெட்டியின் பின்னால் ஊசித் துளைபோல இருக்கும் அந்தப் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடித்தால் பெட்டி ஆலையிலிருந்து வந்த நாளின் நிலைக்குப் போய்விடும். நீங்கள் வைத்த வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் போகும். அது சிறிய இழப்பு. நிறுவனத்தின் ஆள் இணைப்புக் கொடுத்த அன்று உள்ளே எழுதிவிட்டுப் போன பயனர் பெயர், கடவுச்சொல், வி-லேன் எண் (நிறுவனத்தின் வலையில் உங்கள் இணைப்பைப் பிரித்துக் காட்டும் எண்) ஆகியவையும் போகும். அதன் பிறகு என்ன நடக்கும் என்று பாருங்கள். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பழைய பெயரில் வைஃபை தெரியும். கடவுச்சொல் கொடுத்தால் இணையும். இணையம் மட்டும் வராது. எந்த அறிகுறியைப் போக்க ரீசெட் செய்தோமோ அதே அறிகுறி. ஆனால் இம்முறை நாமே உண்டாக்கியது. இதற்கிடையில் தெருவில் அறுந்த இழையை லைன்மேன் சரிசெய்திருந்தாலும் உங்கள் வீட்டுக்கு மட்டும் இணையம் திரும்பாது.

சில நிறுவனங்களின் பெட்டிகள் ரீசெட்டுக்குப் பின் தொலைவிலிருந்து தங்கள் அமைப்புகளைத் தாமே இறக்கிக்கொள்ளும். உங்களுடையது அந்த வகை என்று நிறுவனம் சொன்னால் பயமில்லை. தெரியாதவரை அந்தத் துளையைத் தொடக்கூடாது என்பதே என் தீர்ப்பு. ரூட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் தொலைந்துபோய் உள்ளே நுழையவே முடியாதபோது, பிறர் பயன்படுத்திய பெட்டியைப் புதிதாகப் பொருத்தும்போது, ரூட்டருக்குள் யாரோ புகுந்து அமைப்புகளை மாற்றியிருப்பது உறுதியானபோது ரீசெட் நியாயமானது. அப்போதும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கையில் இருந்தால் மட்டுமே.

டி.என்.எஸ்.ஸை மாற்றுவது

இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்கும் அறிவுரை இது. பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவைதான் டி.என்.எஸ். நீங்கள் தளத்தின் பெயரைத் தட்டியதும், அந்தப் பெயருக்கு உரிய எண் முகவரியை ஏதோ ஒரு சர்வரிடம் கேட்டறிந்த பிறகுதான் பிரவுசர் அங்கே போகும். கேட்கும் சர்வர் பதில் சொல்லவில்லை என்றால், இணையம் முழுதும் நலமாக இருந்தும் உங்களுக்கு எந்தப் பக்கமும் திறக்காது.

இதற்கு ஊர் அறிந்த சாட்சி ஒன்று உண்டு. டி.என்.எஸ்.சேஞ்சர் என்ற தீநிரல் உலகெங்கும் சுமார் 40 லட்சம் கணினிகளில் புகுந்து, அவற்றின் டி.என்.எஸ். அமைப்பைத் திருடர்களின் சர்வர்களுக்குத் திருப்பியிருந்தது. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அந்தக் கும்பலைப் பிடித்தது. சர்வர்களை அப்படியே மூடியிருந்தால் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் இணையம் நின்றிருக்கும் என்பதால், நல்ல சர்வர்களை அந்த இடத்தில் வைத்துச் சில மாதங்கள் ஓட்டினார்கள். 2012 ஜூலை 9 அன்று அவையும் அணைக்கப்பட்டன. அதுவரை கணினியைச் சுத்தம் செய்யாதவர்களுக்குக் கம்பி இருந்தது, இணைப்பு இருந்தது, பக்கங்கள் மட்டும் திறக்கவில்லை.

உங்கள் வீட்டுச் சிக்கல் டி.என்.எஸ்.தானா என்பதை மாற்றுவதற்கு முன்பே அறியலாம். கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து 8.8.8.8 என்ற முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனை) அனுப்பிப் பாருங்கள். பதில் வருகிறது, ஆனால் தளத்தின் பெயரைக் கொடுத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம். கைபேசியில் இன்னோர் அடையாளம் உண்டு. டெலிகிராம் செயலி தன் சர்வர்களின் எண் முகவரிகளைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. டெலிகிராம் செய்தி போய் வருகிறது, பிரவுசர் மட்டும் திணறுகிறது என்றால் டி.என்.எஸ். பக்கம் திரும்பலாம். இரண்டிலும் பதில் இல்லை என்றால் டி.என்.எஸ்.ஸை மாற்றிப் பயனில்லை, கோளாறு அதற்கும் முந்தைய படியில் இருக்கிறது.

மாற்றுவதாக முடிவு செய்தால் எங்கே மாற்றுவது? ரூட்டரில் மாற்றினால் வீடு முழுவதற்கும் பொருந்தும். ஆனால் தவறினால் வீடு முழுவதும் தவிக்கும். ஒரு கணினியில் முதலில் மாற்றிப் பார்த்து, வேலை செய்தால் ரூட்டருக்குப் போவதே நல்லது. கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1, குவாட்நைனின் 9.9.9.9 மூன்றும் கட்டணமில்லாதவை. முதன்மை, இரண்டாவது என்று கேட்கும் இரண்டு இடங்களிலும் ஒரே நிறுவனத்தின் எண்களைப் போடாதீர்கள். 2025 ஜூலையில் கிளவுட்ஃபிளேரின் அந்தச் சேவை ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாக உலகளவில் முடங்கியது. அதை மட்டும் நம்பியிருந்த வீடுகள் காரணம் புரியாமல் நின்றிருக்கும். பழைய எண்களைக் குறித்துவைத்துக்கொண்டால் போதும், இந்த வழியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம்.

கைபேசி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பொறியும் இதில் இருக்கிறது. 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் தனிப்பட்ட டி.என்.எஸ். என்று ஓர் அமைப்பு இருக்கிறது. விளம்பரங்களைத் தடுக்க யாரோ சொன்னார்கள் என்று அங்கே ஒரு பெயரை எழுதி வைத்து மறந்திருப்போம். அந்தச் சேவை நின்றுபோகும் நாளில் அந்தக் கைபேசியில் மட்டும் எந்த வைஃபையிலும் இணையம் வராது. அதைத் தானியங்கி என்று மாற்றினால் தீர்ந்தது.

ஒரு கருவியில் மட்டும் என்றால்

மற்றவர்களுக்கு வருகிறது, எனக்கு மட்டும் வரவில்லை என்றால் ரூட்டரைத் தொடவே வேண்டாம். வீட்டில் எல்லாருடைய வேலையையும் நிறுத்திவிட்டு அணைத்துப் போடுவதில் அர்த்தமில்லை. அந்தக் கருவியில் அந்த வைஃபையை மறக்கச் செய்து மீண்டும் கடவுச்சொல் கொடுத்துச் சேருங்கள். இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் வி.பி.என். செயலி ஓடினால் நிறுத்துங்கள். தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். பழைய மடிக்கணினியில் உள் பேட்டரி தீர்ந்து தேதி பல ஆண்டுகள் பின்னே போயிருந்தால், பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரிந்து ஏறக்குறைய எந்தத் தளமும் திறக்காது. கணினியின் ஐ.பி. முகவரி 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து அதற்கு முகவரியே கிடைக்கவில்லை, தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். தெரியாத கருவிகள் சேராதபடி ரூட்டரில் யாரேனும் தடுப்பு வைத்திருந்தால் இன்னொரு சிக்கல் வரும்: ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐ.ஓ.எஸ். 14 முதலும் கைபேசிகள் தங்கள் உண்மையான அடையாள எண்ணை மறைத்து வேறோர் எண்ணைக் காட்டுகின்றன. ரூட்டர் அதைப் புதிய ஆளாக எண்ணி வெளியே விடாது.

கூப்பிடுவது, யாரைக் கூப்பிடுவது

சிவப்பு மினுக்கினால் கூப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. அதற்கு முன் கேபிளைக் கண்ணால் ஒரு முறை பாருங்கள். சோபாவின் கால் அதன் மேல் ஏறியிருக்கிறதா, கதவிடுக்கில் நசுங்குகிறதா, யாராவது அழகாக இருக்கட்டும் என்று இறுக்கிச் சுருட்டிக் கட்டியிருக்கிறார்களா? கண்ணாடி இழை கூர்மையாக மடங்கினால் அறுந்துபோகாமலே ஒளி வெளியே கசிந்துவிடும். மடிப்பை எடுத்ததும் விளக்குப் பச்சையாவதும் உண்டு. பச்சை முனையைக் கழற்றி ஊதித் துடைக்கும் வேலை மட்டும் வேண்டாம். அதன் முகம் எட்டு டிகிரி சாய்வாகத் தீட்டப்பட்டது, ஒரு தூசு போதும் ஒளியைத் தடுக்க. உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் என்பதால் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பதும் கூடாது.

பிறகு அக்கம்பக்கத்தில், அதே நிறுவனத்தின் இணைப்பு உள்ள வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரே இழையை மின்சாரம் தேவைப்படாத பிரிப்பான் வழியாக 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துத் தருவதுதான் இந்த முறையின் அமைப்பு. பிரிப்பானுக்கு முன்னால் அறுந்தால் தெருவே இருளும். பின்னால் என்றால் உங்கள் வீடு மட்டும். லைன்மேனுக்கு இந்த ஒரு தகவல் மிகப் பெரிய உதவி. எந்தக் கம்பத்தில் ஏறுவது என்று அவர் வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்துவிடலாம்.

உள்ளூர் கேபிள்காரரா, நிறுவனத்தின் அழைப்பு மையமா? இழை அறுந்த பழுதுக்கு உள்ளூர்க்காரரே விரைவு. உயரமாகச் சுமை ஏற்றிய லாரி இழுத்துப் போனதையும், மழைநீர் வடிகாலுக்குத் தோண்டியபோது அறுபட்டதையும், அணில் கடித்ததையும் அவர் அறிவார். அழைப்பு மையத்தில் இருப்பவருக்கு உங்கள் தெருவே தெரியாது. "அண்ணே, எல்.ஓ.எஸ். சிவப்பில் மினுக்குகிறது, அணைத்துப் போட்டும் மாறவில்லை, எதிர்வீட்டிலும் அப்படியே இருக்கிறது" என்று விளக்குகளின் படத்தோடு ஒரு செய்தி அனுப்பினால் நான்கு கேள்விகள் மிச்சமாகும். பி.ஓ.என். பச்சையாக இருந்தும் உள்நுழைவு நடக்கவில்லை என்றால் அழைப்பு மையமே சரியான இடம், ஏனென்றால் கணக்கு அவர்களிடம் இருக்கிறது. முன்கட்டணத் திட்டம் நள்ளிரவில் முடிந்திருந்தால் வைஃபை வழக்கம்போல் இணையும், இணையம் நின்றிருக்கும். பணம் கட்டச் சொல்லும் பக்கத்துக்குத் திருப்பிவிட நிறுவனம் முயன்றாலும், இன்றைய தளங்கள் பெரும்பாலும் பூட்டிய (https) இணைப்பில் இயங்குவதால் அந்தப் பக்கம் பல நேரம் தோன்றாமலே போகும். கூப்பிடுவதற்கு முன் கைபேசியின் டேட்டாவில் நிறுவனத்தின் செயலியைத் திறந்து தவணைத் தேதியைப் பார்த்துவிடுவது நல்லது.

யாரிடம் சொன்னாலும், அழைப்பு மையத்திலும் ஒரு புகார் பதிந்து அதன் எண்ணை வாங்கி வையுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஒவ்வொரு புகாருக்கும் நிறுவனம் தனி எண் தர வேண்டும். தீர்வு கிடைக்காவிட்டால் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். கேபிள்காரரிடம் வாய்மொழியாகச் சொன்னதற்கு எந்தத் தடமும் இருக்காது. மூன்று நாள் இணையம் இல்லாமல் போய்க் கட்டணத்தில் கழிவு கேட்கும்போது பேசுவது அந்த எண்தான்.

புது ரூட்டர்

ஆறு வழிகளில் பணம் கேட்பது இது ஒன்றே. அதனால் இதற்குத் தடயமும் அதிகமாக வேண்டும். மடிக்கணினியை லேன் கேபிள் மூலம் நேராகப் பெட்டியில் செருகிப் பாருங்கள். கேபிளில் இணையம் வந்து வைஃபையில் வரவில்லை என்றால், அதுவும் எல்லாக் கருவிகளிலும் வரவில்லை என்றால், அப்போது ரூட்டரைச் சந்தேகிக்கலாம். கேபிளிலும் வராவிட்டால் புது ரூட்டரும் அதே வெறுமையைத்தான் பரப்பும்.

பெட்டி அடிக்கடி தானாக அணைந்து எரிந்தால் ரூட்டருக்கு முன் அதன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலான பெட்டிகள் 12 வோல்ட் கேட்பவை. ஆண்டுகள் ஆக ஆக அடாப்டர் தளர்ந்து, விளக்கு எரியும் அளவுக்கு மின்சாரம் தந்தாலும் பெட்டி முழுவீச்சில் வேலை செய்யும்போது தள்ளாடும். அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட்டும் முனையும் பழையதோடு பொருந்த வேண்டும். வேறு எதையோ செருகினால் பெட்டியே போய்விடும்.

கடைக்குப் போகுமுன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். கடைகளில் பரவலாக விற்கும் ரூட்டர்களில் ஃபைபர் செருகும் துளை கிடையாது. நிறுவனம் தந்த பெட்டி அப்படியே இருக்க வேண்டும், புதியது அதற்குப் பின்னால் லேன் கேபிளில் தொங்கும். ஃபைபர் துளை உள்ள பெட்டியையே வாங்கினாலும் அதன் வரிசை எண்ணை நிறுவனம் தன் கருவியில் பதிந்தால்தான் வேலை செய்யும். இரண்டு பெட்டிகள் ஆனதும் ஒரு புதுச் சிக்கலும் முளைக்கலாம். கேபிளைப் புது ரூட்டரின் வான் (WAN) துளையில், அதாவது வெளியிலிருந்து இணையம் வரும் துளையில் செருகாமல், வீட்டுக் கருவிகளுக்கான லேன் (LAN) துளையில் செருகிவிட்டால், இரண்டு பெட்டிகளும் முகவரி வழங்கப் போட்டி போடும். இரண்டுமே 192.168.1.1 என்று சொல்லிக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். புது ரூட்டரில் சேர்ந்த கருவிகளுக்கு வைஃபை இருக்கும், வெளியேறும் வழி தெரியாது. புதிது வாங்கிய மாலையிலேயே பழைய அறிகுறி திரும்பினால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஹாட்ஸ்பாட்டும் இரண்டாவது இணைப்பும்

ஹாட்ஸ்பாட்டைப் பலர் கடைசிப் புகலிடமாக நினைக்கிறார்கள். நான் அதை முதலிலேயே போடச் சொல்வேன். கூட்டமோ வகுப்போ தொடங்கும் வேளையில் பழுது தேடுவது எவருக்கும் ஆகாது. ஹாட்ஸ்பாட்டைப் போட்டு மடிக்கணினியைச் சேர்த்துவிட்டால் பதற்றம் அடங்கும். பழுதை நிதானமாகப் பார்க்கலாம். அதோடு அது ஒரு சோதனையும்கூட. ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினி நன்றாக ஓடினால் மடிக்கணினி மீது பெரும்பாலும் குற்றமில்லை. அதிலும் ஓடாவிட்டால் கம்பத்தையும் ரூட்டரையும் விட்டுவிட்டு மடிக்கணினியைத்தான் பார்க்க வேண்டும். எந்த அமைப்பும் மாறாமல் இவ்வளவு சொல்லித் தரும் வழி வேறில்லை.

அதன் குறை டேட்டா. நாளுக்கு 1.5 அல்லது 2 ஜி.பி. என்ற திட்டத்தில் வீடியோவோடு ஒரு மணி நேரக் கூட்டம் நடந்தால் பாதிக்கு மேல் கரையும். அளவு தீர்ந்ததும் வேகம் 64 கே.பி.பி.எஸ். அளவுக்கு இறங்கிவிடும் திட்டங்களே அதிகம். அதில் குரல்கூடச் சரியாகப் போகாது. விண்டோஸ் கணினியில் அந்த இணைப்பை அளவிடப்பட்ட இணைப்பு என்று குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் பின்னணியில் புதுப்பிப்புகள் இறங்கி அரை மணி நேரத்தில் டேட்டா காலியாகும். வீடியோவை நிறுத்திக் குரலில் மட்டும் பேசினால் நாள் தாங்கும்.

வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள் நிரந்தரமாக இன்னோர் இணைப்பு வைக்கலாமா என்று கேட்கிறார்கள். மாதத்தில் ஒரு நாள் இணையம் போனால் சம்பளத்திலோ வேலையிலோ இழப்பு வரும் என்றால் வைக்கலாம். ஆனால் இரண்டாவதும் ஃபைபராக இருந்து, அதே கம்பங்களின் மேலாக அதே தெருவில் வந்தால், லாரி இழுக்கும்போது இரண்டும் சேர்ந்தே போகும். 2023 முதல் 5ஜி அலைவரிசை வழியாக வீட்டுக்கு இணையம் தரும் சேவைகள் நம் நகரங்களில் வந்திருக்கின்றன. கம்பத்தை நம்பாத அந்த வகை துணை இணைப்புக்குப் பொருத்தம். ஃபைபரின் வேகமும் நிலையான தன்மையும் எல்லா இடத்திலும் அதில் கிடைக்காது என்பதால் முதன்மை இணைப்பாக ஃபைபரையே வைத்திருப்பேன். மாணவர் ஒருவரும் தொலைக்காட்சி ஒன்றும் மட்டுமே உள்ள வீட்டுக்கு அந்தச் செலவு தேவையில்லை. பெட்டிக்குச் சின்னதாக ஒரு 12 வோல்ட் மினி யு.பி.எஸ்.ஸும், ஃபைபர் எந்த நிறுவனமோ அதல்லாத வேறு நிறுவனத்தின் சிம் ஒன்று வீட்டில் ஒருவர் கைபேசியிலும் இருந்தால் போதும்.

இணையம் நன்றாக இருக்கும் ஒரு நாளில் கால் மணி நேரம் ஒதுக்கிச் சில விவரங்களைக் காகிதத்தில் எழுதிப் பெட்டிக்கு அருகே ஒட்டிவையுங்கள்: உள்நுழைவுப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் (நிறுவனத்திடம் கேட்டால் தருவார்கள்), ரூட்டரின் நிர்வாக முகவரி, வாடிக்கையாளர் எண், லைன்மேனின் தொலைபேசி எண். ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் ஒளியின் ஏற்பு அளவு என்று ஓர் எண் தெரிந்தால் அதையும் குறியுங்கள். அதன் அலகு டி.பி.எம்.; மைனஸுக்குப் பின் வரும் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு என்று பொருள். மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நலம். வீடுகளில் பரவலாக உள்ள ஜிபான் என்ற ஃபைபர் முறையில் மைனஸ் 27 டி.பி.எம்.மைத் தாண்டினால் பெட்டி தடுமாறத் தொடங்கும். இன்று மைனஸ் 19 என்று குறித்தது ஆறு மாதம் கழித்து மைனஸ் 26 ஆகியிருந்தால், இணையம் நிற்பதற்கு முன்பே லைன்மேனை வரச் சொல்லலாம்.